ஜன்னல் கம்பியில் காய்ந்த கையுறை

அந்த வார்டில் எல்லோருக்கும் அவள் அக்காதான். லாரி ஓட்டும் கணவனுக்குக் காலில் ஆறாத புண். மருந்துக்கு லேசில் மசியாத கிருமி என்று அவரைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளே போனால் கையுறையும் மேலங்கியும் போட வேண்டும். வெளியே வரும்போது கழற்றி வாசல் தொட்டியில் எறிந்துவிட வேண்டும்.

எறிய அக்காவுக்கு மனசு வரவில்லை. மேலங்கியைத் தொட்டியில் போட்டுவிடுவாள். கையுறையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னல் கம்பியில் காயவைத்து மறுபடி மாட்டிக்கொள்வாள். சும்மா உட்காரவும் அவளுக்கு வராது. எதிர் அறையில் வயிற்றில் ஆபரேஷன் முடிந்து, துணைக்கு ஆளில்லாமல் கிடந்த பெண்ணுக்கு, அதே கையுறையோடு போய்த் தலையணையைச் சரிசெய்வாள், வயிற்றில் நழுவிய புண்கட்டை இழுத்துவிடுவாள்.

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்ட அன்று நர்ஸ் ஜன்னலைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது, துணி காயப்போடுற கொடியா?"

"புதுசாட்டம் இருக்கேம்மா, எதுக்கு வீணாக்கணும்?"

"இதோடவா எதிர் ரூமுக்கும் போனீங்க?"

"உறை போட்டுக்கிட்டுத்தானே போனேன்!"

நர்ஸ் குரலை உயர்த்தவில்லை. "அண்ணன் புண்ணுல இருக்கிறது உறை மேல ஒட்டிக்கும்கா. கழுவினாலும் முழுசாப் போகாது. அப்புறம் நீங்க தொட்ட இடமெல்லாம் அதுவும் போகும்."

அக்காவின் முகம் செத்துப்போனது.

அந்தப் பெண்ணின் புண்ணிலிருந்து சாம்பிள் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அக்கா எதிர் அறை வாசலைத் தாண்டவில்லை; வெளியே நின்றே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, என்மேல கோவமா?" என்றாள் அந்தப் பெண்.

"என் கைமேலதான் கோவம். நான் தொட்டுத்தான் உனக்குக் காய்ச்சலோ என்னமோ."

"நீங்க இல்லன்னா இங்க என்னை ஏன்னு கேக்க யாரு இருக்கா?"

முந்தானையால் மூக்கைத் துடைக்கப் போன அக்கா, பாதியில் கையை இறக்கிக்கொண்டாள்.

முடிவோடு நர்ஸ் ஏறக்குறைய ஓடியே வந்தாள். "அந்தக் கிருமி இல்லக்கா! புண்ணு சுத்தமா இருக்கு. இது வெறும் சளிக் காய்ச்சல். இந்தத் தடவை தப்பிச்சோம்."

அக்கா கணவனின் அறைக்குள் போய், கம்பியில் தொங்கியதை உருவித் தொட்டியில் போட்டாள்.

"அடேயப்பா! கிழிஞ்ச பாயைக்கூடத் தூக்கிப் போடாதவளாச்சே நீ," என்றார் அவர்.

"வாயை மூடிக்கிட்டுக் காலை ஆத்துற வழியைப் பாருங்க."

மேலங்கியையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்கையில் கிருமிநாசினித் திரவத்தை ஊற்றி விரலிடுக்கெல்லாம் தேய்த்தபடி எதிர் வாசலுக்குப் போனாள். அந்தப் பெண் அதற்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் காத்திருந்தாள்.

"பொறுடி," என்றாள் அக்கா, இரண்டு கைகளையும் காற்றில் விரித்து. "காயட்டும்."