மேல் அடுக்கில் கத்திரிக்காய்

எழுத வராதவள் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். என் படிப்பு பத்தாவதோடு சரி. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். கடையில்கூட வாங்க வருகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், தராசைத்தான் பார்ப்பேன். ஆனால் ஒரே ஒரு நாள் பேசினேன். அதை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

சின்னசேலத்திலிருந்து நைனார்பாளையம் போகிற ரோட்டில் எங்கள் மாட்டுக்கறிக் கடை. தகரக் கூரை, புளியமரத்தில் செய்த வெட்டுக்கட்டை, தராசு, கத்திகள். வீட்டுக்காரர் இறந்த பிறகு என் மகள்தான் கட்டை முன்னால் நிற்கிறாள். காலேஜ் முடித்த பெண். கத்தி பிடிக்க அவளுக்கு வெட்கம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் இரண்டு விதமாக ஆள் வரும். முன்பக்கம் நின்று கேட்டு வாங்குகிறவர்கள் ஒரு விதம். பின்பக்கம் பையும் தூக்கும் கொடுத்தனுப்புகிறவர்கள் இன்னொரு விதம். பாதிக் கறி பின்பக்கமாகத்தான் போகும். யார் வீட்டுப் பை என்று வெளியே சொல்லக் கூடாது. யாரும் சொல்லித் தராமலே எல்லாக் கறிக்கடையிலும் இருக்கிற வழக்கம் இது. என் வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் காப்பாற்றினார். நானும் காப்பாற்றினேன்.

பின்பக்கத்தில் பெரிய வாடிக்கை, எங்கள் பக்கத்து மாடு வளர்ப்போர் சங்கத் தலைவர். நிலம் நீச்சு உள்ளவர். அவர் வீட்டுப் பண்ணையாள் வாராவாரம் மூன்று அடுக்கு டிபன் கேரியரோடு வருவார். கீழ் இரண்டு அடுக்கு நிறைய நெஞ்சுக்கறி வாங்கிப்போவார். மேல் அடுக்கில் வீட்டிலிருந்தே கத்திரிக்காய் போட்டு அனுப்பியிருப்பார்கள். வழியில் யாராவது மூடியைத் திறந்தால் காய்தான் தெரியும்.

"இந்தக் கத்திரிக்கா வாராவாரம் கடைக்கு வந்துட்டு வூட்டுக்குத் திரும்பிப் போவுதுக்கா. பஸ்ஸா இருந்தா பாஸ் எடுத்துக் குடுத்திருப்பேன்" என்று பண்ணையாள் சொல்லுவார். நானும் சிரிப்பேன். அப்போது அது சிரிப்புதான்.

போன வருடம், மாட்டிறைச்சித் தொழிலில் இருக்கிற இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி தர ஓர் அமைப்பு உதவித்தொகை அறிவித்தது. வெளிமாநிலத்தில் தங்கிப் படிக்க வேண்டும். சுத்தமாக வெட்டுவது, கெடாமல் குளிரில் வைப்பது, ஆட்களைச் சேர்த்து நடத்துவது, அதிகாரிகளிடம் பேசுவது எல்லாம் கற்றுத் தருவார்கள். எங்கள் மாவட்டத்துக்கு ஒரே இடம். சுற்றுவட்டாரக் கடைக்காரர்களை ஒன்று சேர்த்து அரசாங்கத்திடம் ஒரு நல்ல வெட்டுமிடம் கேட்க வேண்டும் என்பது மகளுடைய நெடுநாள் ஆசை. அந்த இடம் கிடைத்தால் அவள் பெரிய ஆளாகிவிடுவாள். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை நேர்காணல்; கூட வந்தவர்களும் உட்கார்ந்து கேட்கலாம். போகும்போது பஸ்ஸில் மகள் சொன்னாள்: "அம்மா, அந்தத் தலைவரும் தேர்வுக் குழுவுல இருக்காரு. இன்னா சொன்னாலும் நீ வாயத் தொறக்காத."

"நான் எப்ப தொறந்துகினு இருந்தேன்?"

"அதான், இன்னிக்கும் தொறக்காத."

கடைசிச் சுற்றில் மூன்று பேர். என் மகள், கல்வராயன் மலையிலிருந்து வந்த எருமை வளர்க்கும் இளைஞன், பிறகு தலைவருடைய மச்சான் மகன். இந்த மச்சான் மகன் செல்போன் கடை வைத்திருப்பவன். மாட்டுக்கு அவன் தண்ணீர் காட்டி யாரும் பார்த்ததில்லை.

மகள் நன்றாகப் பேசினாள். அமைப்பின் வெளியூர் அதிகாரிகள் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, உள்ளூர்க்காரர் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார்கள்.

"பொண்ணு நல்லாத்தான் பேசுதுங்க" என்று ஆரம்பித்தார். "ஆனா அந்தக் கடை எனக்குத் தெரியும். ஒரே ஈ. நல்ல குடும்பத்துக்காரன் ஒருத்தனும் அங்க வாங்க மாட்டான். தலைமைன்னா பின்னால நாலு பேர் நிக்கணும். இது பின்னால யாரு நிப்பா? எலும்புக்குத் தெருநாய்தான் நிக்கும்."

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். மகள் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். கடையில் யார் என்ன கத்தினாலும் குனியாத பெண்.

நான் எழுந்துவிட்டேன். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, வணக்கங்க. போன வாரம் நெஞ்சுக்கறி நல்லா வெந்துச்சுங்களா?"

"இன்னாம்மா? யாரு நீ?"

"கறிக்கடைங்க. வூட்டம்மா கொழுப்பு கம்மியா கேட்டு அனுப்பிச்சாங்க. கொஞ்சம் ஜாஸ்தியாப் பூடுச்சு. கோவிச்சுக்கினாங்களோன்னுதான்."

அவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். "அது... அது நாய்க்கு வாங்கறதும்மா."

"அப்படிங்களா. அப்ப கேரியர்ல மேல் அடுக்குல வர்ற கத்திரிக்காயும் நாய்க்குங்களா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "கூட்டு வெச்சுச் சாப்புடுற நாய்டா!" என்றது. மண்டபமே சிரித்தது. அதிகாரிகள் குனிந்து காகிதங்களைப் புரட்டினார்கள். மச்சான் மகன் எழுந்து வெளியே போனான்.

நான் தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்குகிறவர் ஒருவர் முகத்தை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வெள்ளைச் சட்டைக்கு மேலே கழுத்து கறுத்து வியர்த்தது. இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் கழுத்தை நினைத்துக்கொள்வேன். இனிக்கிறது. எனக்கு ஒரு குறைதான். தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு ஈரல் போகும், மாப்பிள்ளை வந்தால் நாக்கு போகும். அதையெல்லாம் கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

மகளும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். ஊர் நெருங்கும்போது, "பின்பக்கத்துக்காரங்க எல்லாருக்கும் இந்நேரம் சேதி போயிருக்கும்மா" என்றாள்.

"போவட்டும்."

"இன்னிக்கு அவரு பேரு. நாளைக்கு நம்ம பேருன்னு நெனைப்பாங்க இல்ல?"

"நெனைக்கட்டும். உன்னப் பாத்து சிரிச்சாங்க இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை திறந்தோம். முன்பக்கம் எப்போதும் வருகிறவர்கள் வந்தார்கள். பின்பக்கம் ஒரு பைகூட வரவில்லை. மத்தியானம் போன் வந்தது, இடம் மலை இளைஞனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மீந்த நெஞ்சுக்கறியை மகள் நீளநீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப் போட்டாள்.