உள்தாழ்ப்பாள் இல்லாத வண்டி

லாரிக்குப் பாடி கட்டுகிறவன் கட்டிய வண்டியெல்லாம் ஊர் சுற்றும். கட்டியவன் மட்டும் பட்டறையிலேயே கிடப்பான். நாமக்கல்லில் இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் மனைவி கமலம் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. டிரைவர்கள் போனில் அனுப்பும் கடல் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். விடியும்போது கதவைத் திறந்தால் எதிரே கடல் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கேட்டுக் கேட்டு அந்த ஏக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. காருக்குப் பின்னால் இழுத்துப் போக, படுக்கையும் அடுப்பும் வைத்த சின்ன டிரெய்லர் ஒன்றை நானே கட்ட ஆரம்பித்தேன்.

ஒரு பொட்டு வெல்டிங்

கண்ணாடி போடாமல் யாரும் வெல்டிங் பக்கம் போகக் கூடாது என்று பட்டறையில் கத்துகிறவன் நான்தான். சொந்த வண்டி என்றதும் அவசரம். ஒரு பொட்டுதானே என்று வெறுங்கண்ணோடு வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே கமலம் சொன்னாள்: "மாமா, கடலைப் பாக்கறதுக்குக் கண்ணு வேணுமுங்க."

கைப்பழக்கம்

லாரிக்குப் போடும் கனத்த இரும்புச் சட்டத்தையே இதற்கும் போட்டுவிட்டேன். தூக்கும்போது ஜாக்கி நழுவி ஒரு பக்கம் தொப்பென்று இறங்கியது. அடியில் கட்டை முட்டுக் கொடுத்திருந்ததால் என் கால் தப்பியது. காரில் மாட்டினால் கார் முனகியதே தவிர நகரவில்லை. லாரி விஷயமாக வந்த வாடிக்கையாளர் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இதுல படுக்கப்போறது உங்க ஊட்டுக்காரம்மாவா, சிமெண்டு மூட்டையா?"

சரக்குக் கதவு

சட்டத்தை மாற்றி, பெயிண்ட் அடித்து முடித்த அன்று கமலம் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திப் படுத்துப் பார்த்தாள். வெளிக்கொக்கி தானாக விழுந்துவிட்டது. நான் கிரைண்டர் சத்தத்தில் இருந்தேன். அதை நிறுத்திய பிறகுதான் தகரத்தைத் தட்டுவது கேட்டது. ஓடிப்போய்த் திறந்தேன். வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தாள். கதவின் உள்பக்கம் ஒரு பிடிகூட இல்லை. இத்தனை வருஷமும் சரக்குக்கே கதவு வைத்த கை. சரக்கு உள்ளேயிருந்து கதவைத் திறக்குமா?

போகிற இடத்தில் அடுப்பிலிருந்து தீப் பிடித்தால் இவள் எப்படி வெளியே வருவாள்? இந்த வண்டியே வேண்டாம், பஸ்ஸில் போய்வரலாம் என்றேன். கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போய்ப் படுத்தாள். "உள்ள ஒரு தாப்பாள் வைங்க மாமா. கடலுக்குப் போனதும் அத நாந்தான் தொறக்கோணும்."

வெளிக்கொக்கியை எடுத்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் வைத்தாயிற்று, ஊரார் லாரி வேலை ஓயாததால் வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது, கமலம் மட்டும் தினமும் உள்ளே போய், அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து, எதிரே நிற்கும் லாரியைப் பார்த்துவிட்டு வருகிறாள்.