ஏழு மணி வருகைப் பதிவு

பத்திரிகையில் துணை ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தேர்வெழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினேன். தர்மபுரியில் என் வீட்டு மாடியிலிருந்து நான் பேசுவதை மலைமேல் இருக்கும் டிஜிட்டல் ரிப்பீட்டர் வாங்கி, மாவட்டத்தின் பெரும்பகுதிக்குத் திருப்பி அனுப்பும். அந்த ஒரே ரிப்பீட்டருக்குள் பல பேச்சுக் குழுக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்த எண்களை நம் கைக்கருவியில் ஏற்றியிருக்கிறோமோ அந்தக் குழுக்கள் மட்டும்தான் காதில் விழும். மற்றவற்றில் யாராவது பேசினால் கருவியின் பச்சை விளக்கு எரியும், சத்தம் வராது.

எண்களை ஏற்றித் தருபவர் மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கும் நண்பர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். உரிமத் தேர்வுக்கு இருவரும் ஒரே பேருந்தில் போய்வந்தோம். எங்கள் வட்டாரத்தில் எல்லார் கருவியும் அவர் மடிக்கணினி வழியாகத்தான் வரும். என்ன ஏற்றினார் என்று நான் பார்த்ததில்லை.

எங்கள் குழுவில் ஏழு பேர். ஞாயிறு தவிர தினமும் காலை ஏழு மணிக்கு நான் வருகைப் பதிவு எடுப்பேன். உரிமத்தோடு கொடுத்த அழைப்புக் குறி, இருக்கும் இடம், வானிலை. மழை பெய்தது என்று யாராவது சொன்னால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்று கேட்பேன். அதைக் கேட்காமல் விட என்னால் முடியாது. பதில்களைக் கோடு போட்ட நோட்டில் எழுதுவேன்.

போன ஆண்டு மழைக்காலத்துக்குப் பிறகு வருகை குறைந்தது. முதலில் நான்கு பேர், பிறகு இரண்டு, கடைசியில் நாளுக்கு ஒருவர். ஒரு வெள்ளிக்கிழமை நண்பர் மட்டும் வந்தார். அவரிடம் கேட்டேன்.

"தம்பி, வேற எந்தக் குழுவுலயாவது ஆளுங்க பேசறாங்களா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எங்கீங்கண்ணா. எல்லாரும் போன்ல பேசிக்கிறாங்க. நம்ம ரிப்பீட்டர் காத்து வாங்குது."

"பச்சை லைட்டு எரியுதே."

"அது ஏதோ டிஸ்டர்பன்ஸ்ங்க. கண்டுக்காதீங்க."

நம்பினேன். ஆனாலும் டீ குடித்துக்கொண்டே கருவியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். பக்கவாட்டுப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் எண் கட்டுப்பாடு விலகி, எந்தக் குழுவின் பேச்சும் கேட்கும் என்று போட்டிருந்தது. எட்டேகாலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அழுத்தினேன்.

கம்பைநல்லூர் டீச்சரின் குரல். எங்கள் எழுவரில் ஒருவர். "எங்க வூட்டுப் பக்கம் நேத்து மழைங்க. எத்தனை மணிக்குன்னு மட்டும் யாரும் கேட்டுடாதீங்க."

ஒகேனக்கல்லில் லாட்ஜ் வைத்திருப்பவர் அடுத்து வந்தார். "விட்டது எப்பன்னும் சொல்லணும் டீச்சர். இல்லாட்டி நியூஸ் பேப்பர்ல வராது."

பிறகு என் குரல் கேட்டது. நான் நிறுத்தும் இடங்களில் நிறுத்தி, நான் செருமுவதுபோல் செருமி, "பக்கம் என்றால் எந்தப் பக்கம்? கிழக்கா, மேற்கா?" என்றார் மண்டிக்காரர்.

இந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அதனால் சிரிப்பதற்காகவே ஒவ்வொருவராகப் பொத்தானை அழுத்தினார்கள். ஐந்து சிரிப்புகள். எண்ணினேன்.

"காலையில டூட்டி முடிச்சிட்டீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"முடிச்சாச்சுங்க. நாளைக்கு யாரு?"

"சனிக்கெழம நாந்தான்," என்றார் லாட்ஜ்காரர்.

திரையில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஒரே ஆதாரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று ரிப்பீட்டரின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். யார் எந்த எண்ணில் எப்போது பேசினார் என்று ஒரு வாரத்துக்கு அதில் இருக்கும். வாரம் முழுக்க அதே எண், அதே ஆறு பேர். பிறகு என் நோட்டைப் பார்த்தேன். திங்கள் டீச்சர், வெள்ளி மண்டிக்காரர், சனி லாட்ஜ்காரர். ஆறு பேருக்கு ஆறு நாள். மூன்று மாதமாக ஒரு நாளும் மாறவில்லை. முறை போட்டிருக்கிறார்கள். என் கையெழுத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை லாட்ஜ்காரர் சரியாக ஏழுக்கு வந்து வானம் தெளிவாக இருப்பதாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். பிறகு மாரண்டஹள்ளிக்குப் பேருந்து ஏறினேன்.

நண்பர் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். எண்ணைச் சொன்னேன். "இதை என்னுதுல ஏன் ஏத்தல?"

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "கேட்டுட்டீங்களா."

"கேட்டேன்."

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. நீங்க இருந்தா எல்லாரும் பாத்துப் பாத்துப் பேச வேண்டியிருக்குது. அதுக்காக உங்கள விட்டுட்டமா? தெனமும் ஒருத்தரு வந்துட்டுத்தானே இருக்கோம்."

"காத்து வாங்குதுன்னு சொன்னீங்களே."

"வேற என்னன்னுங்க சொல்றது?"

அவர் பொய்யை ஒத்துக்கொண்ட விதத்தில் வருத்தம் இல்லை. எனக்காகத் தினம் ஒருவர் காலை வேலையை விட்டு வந்ததை நான் மதிக்கவில்லையே என்ற குறைதான் அவர் குரலில் இருந்தது. தேர்வுக்குப் போன பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கியவர் அவர்.

கருவி என் பையில்தான் இருந்தது. வெளியே எடுத்தேன். "இப்ப ஏத்திக் கொடுங்க."

அவர் அதை வாங்கவில்லை. "மத்தவங்களக் கேட்டுட்டுச் சொல்றேங்கண்ணா."

திங்கள்கிழமை ஏழு மணிக்கு டீச்சர் அழைத்தார். மூன்றாவது அழைப்புக்குத்தான் பதில் சொன்னேன். நாளையிலிருந்து வருகைப் பதிவு இல்லை, யாரும் ஏழு மணிக்கு வர வேண்டாம், மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சரிங்க சார்," என்றார். உடனே வந்தது அந்தப் பதில். ஏன் என்று கேட்பார் என்று கருவியைக் கையில் வைத்தபடி சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை.