ஃப்ளோட்டில் எடுத்த புள்ளி

ஹெலனின் வேலை, அளவைக் கம்பைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நிற்பது. கம்பின் உச்சியிலுள்ள கருவி செயற்கைக்கோள்களைக் கொண்டு இடத்தைக் கணிக்கும். அதன் பிழையை வேறோர் இடத்தில் நிறுத்திய நிலையக் கருவி திருத்தும். முழுதும் திருந்தினால் திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று வரும், பிசகினாலும் விரலகலம்தான். அதுவரை ‘ஃப்ளோட்’. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தள்ளியும் காட்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலையை அகலப்படுத்த அளந்தபோது, சாலைப் பக்கம் முதுகு காட்டி நின்ற செண்பகத்தின் வீட்டுப் பின்சுவரில் ஃபிக்ஸ் வரவேயில்லை. பக்கத்திலேயே உருக்காலையின் உயரமான தகரக் கொட்டகை வானத்தை மறைத்தது. ஹெலன் இருபது நிமிடம் நின்றாள்.

“இன்னாம்மா, தூண்டி போட்டு மீனா புடிக்கிற? வந்தத எடுத்துக்கினு வா,” என்றார் மேற்பார்வையாளர் வெங்கடேசன்.

எடுத்தாள். சாலைக்கு எடுக்கும் நிலத்தின் எல்லைக்கோடு சுவருக்கு ஒரு மீட்டர் வெளியே போனது. அதோடு விட்டிருக்கலாம். செண்பகம் டீ கொடுத்துவிட்டு, “நம்ம ஊடு தப்பிச்சுதா பாப்பா?” என்று கேட்டாள். ஹெலனின் அப்பாவும் உருக்காலையில் கம்பி தூக்குகிறவர்தான். வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவளுக்கு, தன்னை நம்பிக் கேட்கிற முகத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

“ஒண்ணும் ஆவாதுக்கா. தைரியமா இருங்க.”

நிலம் எடுப்பதை எதிர்த்த ஆட்சேப மனுவில் தெருவே கையெழுத்துப் போட்டது, செண்பகம் வீடு தவிர.

மனுவின் கெடு முடிந்த பிறகு அளவைக் கம்பெனி புதுக் கருவி வாங்கியது. நிலையக் கருவியையும் பக்கத்துப் பள்ளி மாடிக்கு மாற்றியது. சந்தேகப் புள்ளிகளை மறுபடி அளந்தார்கள். நான்கே நிமிடத்தில் ஃபிக்ஸ். கோடு அடுப்பங்கரைக்குள் இரண்டடி போயிருந்தது. கருவியை அணைத்து அணைத்து மூன்று தடவை எடுத்தாள். மூன்றும் ஒன்றே.

“அன்னிக்கு நான் சொன்னது தப்புக்கா. அடுப்பங்கரை போவுது.”

செண்பகம் அடுப்பங்கரைச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். “படிச்ச பொண்ணு சொல்லிச்சுன்னு எங்க ஊட்டுக்காரருகூட சண்ட போட்டேன்டி. அவர கையெழுத்துப் போடவே உடல.” பிறகு, “தப்பா சொன்னேன்னு எழுதிக் குடு. தாலுக்கா ஆபீஸ்ல காட்டுறேன்.”

“எழுதுனா நாளைக்கு வேலைக்கு வராத,” என்றார் வெங்கடேசன்.

ஃப்ளோட்டில் எடுத்த அளவை உறுதி என்று சொன்னது நான்தான் என்று எழுதி, தேதி போட்டு, ஹெலன் கையெழுத்திட்டாள்.

அலுவலகத்தில் தாளை வாங்கி முத்திரை குத்தினார்கள். பதில் வரவில்லை. இடிப்பதற்குச் சிவப்புக் கோடு போட்ட அடுப்பங்கரையில்தான் செண்பகம் சமைக்கிறாள். அளவை வேலை போய், ஹெலன் ஊத்துக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நிற்கிறாள். எழுதியது நேர்மையா, இல்லை குற்ற உணர்வைக் கழுவிக்கொண்டதா என்று அவளுக்கே இன்னும் விளங்கவில்லை.