மற்றதெல்லாம்

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். வைத்தவர் டீம் லீடர். எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள் என்று முதலில் பாராட்டாகத்தான் சொன்னார். போகப் போக அது கேலியாகி, அவள் வாயைத் திறந்தாலே "சல்லடை ஆட ஆரம்பிச்சாச்சு" என்று கூட்டமே சிரிக்கும் அளவுக்கு முற்றிவிட்டது. அவளும் சேர்ந்து சிரித்து வைப்பாள்.

அவள் நிரல் எழுதிய மொழி கறாரானது. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, இது என்ன வகை, அது என்ன வகை என்று ஒவ்வொன்றையும் கேட்டு நிற்கும். ஒரு பட்டியலில் ஒரே வகைதான் இருக்கலாம். சட்டையையும் சங்கிலியையும் கலந்து போட்டால் ஏற்காது. வந்த வேலையோ கலப்படத்துக்கென்றே வந்தது. ஆபரேஷனுக்குப் போகும் நோயாளிகள் கழற்றிக் கொடுக்கும் சாமான்களை வைத்திருந்து திருப்பித் தரும் அறைக்கான மென்பொருள். உடை, நகை, மூக்குக்கண்ணாடி, பழைய கட்டுத்துணி எல்லாம் ஒரே பையில் வரும். அவள் 'உடைமை' என்று ஒரே வகையை உண்டாக்கி, இவற்றை அதன் கிளைகளாக வைத்தாள். பட்டியலைப் பொறுத்தவரை எல்லாமே உடைமை. ஆனால் எங்கே வைப்பது, யார் கையில் கொடுப்பது, எதை எறிவது என்று முடிவெடுக்கும் இடத்திலெல்லாம் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியாக வேண்டும். ஒன்றை விட்டாலும், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி நின்றுவிடும். அவளுக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் கணவன்கூட அவளிடம் எதையும் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

ஒப்படைக்கும் நாள் காலையில், இன்னும் சில சாமான்களைச் சேர்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. செயற்கைக் கால், காது மிஷின், ஊன்றுகோல். சேர்த்தாள். அடுத்த நொடி திரை முழுக்கப் பிழைகள்.

"என்ன இது, பூரா சிவப்பா இருக்கு?" என்றார் டீம் லீடர்.

"புது வகை சேர்த்திருக்கேன் சார். ஒவ்வொரு இடத்துலயும் அதை என்ன செய்யணும்னு கேக்குது. நாளைக்குள்ள எழுதிடறேன்."

"மதியம் ஆஸ்பத்திரிக்காரங்க வந்து உக்காந்திருப்பாங்க. 'மற்றதெல்லாம்'னு ஒரு வரி போட்டு விடுங்க. எது வந்தாலும் அதுல விழுந்துட்டுப் போகட்டும்."

"அப்படிப் போட்டா அப்புறம் எதை விட்டாலும் இது கேக்காது சார்."

"அதைத்தானே நானும் சொல்றேன். எந்திரிங்க."

எழுந்தாள். அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பிழை வந்த இடத்திலெல்லாம் அந்த வரியைப் போட்டு, கடைசிக் கிளைக்கு இருந்த பதிலையே அதற்கும் ஒட்டினார். எறிய வேண்டியதை முடிவுசெய்யும் இடத்தில் கடைசிக் கிளை கட்டுத்துணி. அதற்கான பதில், உடனே எரிக்கவும். கம்பைலர் அடங்கியது.

"பாத்தீங்களா, வாயை மூடிடுச்சு," என்றார். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மென்பொருள் ஓடத் தொடங்கிய சில நாளில், பூட்டு ரிப்பேர் செய்யும் ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷனுக்குப் போனார். அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். மனைவி அதைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். சாமான் அறையிலிருந்த பணியாள் திரையில் வந்ததைப் படித்து, எரிக்கிற பையில் போட்டு அனுப்பினான். திரை சொன்னதற்கு மேல் யோசிக்கிற வழக்கம் அங்கே இல்லை. பூட்டுக்காரர் கண் விழித்துக் காலைக் கேட்டபோது அது சாம்பலாகியிருந்தது.

ஆஸ்பத்திரி விசாரணைக்கு டீம் லீடர் அவளையும் அழைத்துப் போனார். "எழுதினது இவங்கதான். இவங்க பேர்லதான் பதிவாகியிருக்கு," என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். அவளுடைய கணினியில் அவர் எழுதினால் வேறு யார் பெயரில் பதிவாகும்? அதைச் சொல்லத் தொடங்கினாள்.

"சல்லடை, இது அதுக்கான இடம் இல்ல," என்றார் அவர். எதிரே இருந்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்; கேட்டாள். அந்த வாரமே வேலை போனது.

மனசு ஆறாமல் பூட்டுக்காரர் வீட்டைத் தேடிப் போனாள். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அந்த வரியை நான் எழுதலைங்க. அது உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன்." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மனைவி பொறுமையாகக் கேட்டாள். "அப்போ அந்த மிஷின், இவர் காலை என்ன செய்யணும்னு கேட்டிருக்கு."

"ஆமாங்க."

"அது வாயை மூடினா ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்த ஆளுக்குத் தெரியாது. அவனைத் திட்டித் தீத்துடுவேன். தெரிஞ்சும் எந்திரிச்சு வழி விட்டீங்களே, உங்களை நான் என்னம்மா செய்யறது?"

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"டீ குடுத்தியா அவங்களுக்கு?" என்றார் பூட்டுக்காரர், திரும்பாமலேயே.

"இல்ல."

"குடுக்காதே."

ஆஸ்பத்திரி அவருக்கு வேறொரு கால் வாங்கிக் கொடுத்தது. அளவு சேரவில்லை, உரசி உரசிப் புண்ணாகி, கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டார். டீம் லீடர் மேனேஜரானார். செயற்கைக் காலுக்கு மட்டும் தனிப் பதில் எழுதிவிட்டு, 'மற்றதெல்லாம்' வரியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு வேறு வேலை கிடைக்க வெகுநாளாயிற்று. அங்கே மொழி வேறு. பட்டியலில் எதைக் கலந்து போட்டாலும் முனகாமல் வாங்கிக்கொள்ளும். கொடுத்த வேலையை மறுபேச்சில்லாமல் முடித்துத் தருகிறாள் என்று மேலதிகாரிகளுக்கு அவள்மேல் ரொம்பத் திருப்தி.