ரொவீனாவின் ஒன்பது மணி

ரொவீனா மெனிகோட்ஸ் எங்கள் தெருக்காரர். வயது நாற்பத்தாறு. ட்யூபா சிட்டியில் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வேன் ஓட்டுகிறார். பதினோரு வருடத்தில் ஒரே ஒருமுறைதான் வேன் மணலில் சிக்கியது. அதையும் அவரே தோண்டி எடுத்தார்.

மார்ச் மாதம் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோக்கள் நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்போம். அரிசோனாவின் மற்ற ஊர்கள் தள்ளுவதில்லை. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மோயன்கோப்பியில் இருக்கும் ஹோப்பிப் பழங்குடியினரும் தள்ளுவதில்லை. அதனால் நவம்பர் வரை சாலையைக் கடந்தாலே ஒரு மணி நேரம் குறைந்துவிடும்; எங்களுக்கு ஒன்பது என்றால் அவர்களுக்கு எட்டு. கைபேசியையும் நம்ப முடியாது. எந்தப் பக்கத்துக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அந்தப் பக்கத்து நேரத்தைக் காட்டும். ஆகவே யார் நேரம் சொன்னாலும், "உங்க நேரமா, எங்க நேரமா?" என்று கேட்டுக்கொள்வோம்.

போன ஜூனில் ரொவீனா கேட்கவில்லை.

மோயன்கோப்பியைச் சேர்ந்த எமரி ஹொனானி நான்கு வருடமாக அவர் வேனில் வருகிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் ஏற வேண்டுமென்றால் ஃபிளாக்ஸ்டாஃப் ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவர் குழு அவரைப் பார்க்க வேண்டும். குழு மாதத்தில் ஒரு நாள்தான் வரும். அவருக்குக் கிடைத்தது காலை பத்து மணி; ஃபிளாக்ஸ்டாஃபிலும் ஹோப்பி நேரம்தான். ஒன்றேகால் மணி நேரப் பயணம். "ஒம்பது மணிக்கு வந்துடு" என்று ரொவீனாவிடம் சொல்லியிருந்தார்.

வேன் வந்து நின்றபோது எமரி சலவைச் சட்டையோடு வாசலில் நின்றிருந்தார்.

"ஏம்மா, ஒரு மணி நேரமா நிக்கிறேன்!"

"ஒம்பதுன்னீங்க அண்ணே. இங்க இப்ப சரியா ஒம்பது."

"நான் சொன்னது உன் ஒம்பது! நீ நவஹோவாச்சே, குழம்பிடக் கூடாதேன்னு உன் நேரத்துல சொன்னேன்."

"நீங்க ஹோப்பியாச்சே, உங்க நேரத்துலதான் சொல்வீங்கன்னு நான் எடுத்துக்கிட்டேன்."

"நாலு வருஷமா நான் சொன்ன எதையாவது கேட்டிருக்கியா? இன்னைக்குப் பாத்துதான் மரியாதை வந்துச்சா?"

போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்தைந்து. குழு அடுத்த நோயாளியிடம் போய்விட்டது. "அடுத்த மாசம் வாங்க" என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்திருந்தார்கள்.

"என் தப்புண்ணே" என்றார் ரொவீனா.

"ரெண்டு பேர் தப்பும்தான். ஆனா ஊசி எனக்குத்தானே குத்துறாங்க."

ஜூலையில் ரொவீனா ஹோப்பி நேரம் ஆறரைக்கே அவர் வீட்டுமுன் வேனை நிறுத்தினார். எமரி அதற்கும் முன்பே நீலச் சோள ரொட்டிப் பொட்டலத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார். போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவின் கதவே திறக்கவில்லை. இருவரும் வேனுக்குள் உட்கார்ந்து ரொட்டியைத் தின்று முடித்தார்கள்.

அன்று குழு அவரைப் பார்த்தது. ஆகஸ்டில் பட்டியலில் பெயர் ஏறியது. சிறுநீரகம் இன்னும் கிடைக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் ரொவீனா அவரை அழைத்துப்போகிறார்.