மாமா அறைக்குப் போன ஸ்பீக்கர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மாமனார் துணிப்பையைக் கட்டில் மேல் வைத்து, வேட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆலங்குளத்துக்கே போறேன் மாப்ள" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏன், என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்டேன். அவர் அடுத்த வேட்டியை எடுத்து உதறினார்.

ஆலங்குளத்தில் அவருக்கு இருப்பது பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. அத்தை இறந்த பிறகு அங்கே தனியாக இருந்தவர், ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் அரை நாள் ஓடிப்போனது. அதற்கப்புறம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களோடு வந்து இருங்கள் என்று கூட்டி வந்தோம். எழுபத்தாறு வயசு. மறுபடியும் அங்கே தனியாகவா?

போன மாதம் ஹோம் தியேட்டர் வாங்கிய கதையை இதே பக்கத்தில் அளந்திருந்தேன், நினைவிருக்கிறதா? 'நானே ஒயர் இழுத்தேன், நானே மாட்டினேன்' என்று பெருமை வேறு. பாராட்டிக் கடிதம் போட்டவர்கள் தயவுசெய்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மாமா பையைக் கட்டியதற்குக் காரணமே அந்த ஹோம் தியேட்டர்தான்!

அதை எதற்கு வாங்கினேன் என்பதை அப்போது எழுதவில்லை. மாமாவுக்காகத்தான்.

மாமா முப்பது வருஷம் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தவர். காது மந்தம். அவர் டிவி வைத்தால் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் தலைப்புச் செய்தி சொல்லிவிடுவார். எங்கள் மாடியில் குடியிருப்பவருக்கோ மில்லில் நைட் ஷிஃப்ட். பகலில்தான் தூக்கம். பாவம், இரண்டு தடவை இறங்கி வந்து, தலையைச் சொறிந்துகொண்டே, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லாயிருக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மாமா டிவியை ஊமையாக்கிவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். தன்னால் எங்களுக்குக் கெட்ட பேர் என்று எஸ்தரிடம் சொல்லியிருக்கிறார். எஸ்தர் என் மனைவி, அவருக்கு ஒரே பிள்ளை. அவள் அழுதாள்.

ராஜபாளையத்தில் ஒரு காது டாக்டரிடம் காட்டினோம். மெஷின் வைக்கலாம் என்றார் டாக்டர். காதில் மாட்டிக்கொண்டு திரிய மாட்டேன் என்றார் மாமா. சரி, உங்கள் இஷ்டம்... ஆனால் போகப்போகச் சத்தம் மட்டும்தான் கேட்கும், பேச்சு புரியாமல் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு அந்த யோசனை. சத்தத்தைக் கூட்டுவானேன்? ஸ்பீக்கரையே கொண்டுபோய் மாமாவின் காதுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால்? மாடிக்காரரும் தூங்கலாம், மாமாவும் கேட்கலாம். நல்ல யோசனைதானே?

மறுநாளே மறுபடி ராஜபாளையம் போனேன். கடையில் நான் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை வாட்ஸ், கறுப்பைத் தவிர வேறு கலர் இருக்கிறதா. கடைக்காரர் ஒரு ஹெலிகாப்டர் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். அது என் தலையைச் சுற்றி ஒரு ரவுண்ட் வந்து முதுகுக்குப் பின்னால் இறங்கியது. விழுந்துவிட்டேன்! ஹோம் தியேட்டர் வாங்கும் நம் எல்லோரையும் கவிழ்ப்பது அந்த ஹெலிகாப்டர்தான். வீட்டுக்கு வந்த பிறகு நாம் போடுவது என்னவோ சீரியலும் செய்தியும்.

எந்த ஸ்பீக்கரை எங்கே வைக்க வேண்டும் என்று அவர் ஏதோ விளக்கினார். மண்டையை மண்டையை ஆட்டினேன். மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்பவா என்றார். எதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். விளக்கத்தாள் பெட்டிக்குள் தெர்மாகோலுக்கு அடியில் இன்னும் கசங்காமல் இருக்கிறது.

வீட்டில் ஸ்பீக்கர்களை எப்படி வைத்தேன் தெரியுமா? பாகம் பிரித்தேன்! ஐந்து ஸ்பீக்கர், தம் தம் என்று அதிர ஒரு பெரிய பெட்டி. பெட்டியும் இரண்டு ஸ்பீக்கரும் ஹாலுக்கு. மாமாவுக்கு ஒன்று போகிறது என்றதும் எஸ்தர் தனக்கும் அடுப்படியில் ஒன்று வேண்டும் என்றாள். அவளுக்குக் கொடுத்தால் எனக்கு? எங்கள் படுக்கையறைக்கு ஒன்று. ஆளுக்கொரு பங்கு, யாருக்கும் மனக்குறை இல்லை.

எது யாருக்கு என்பதை ஒயர்தான் முடிவு செய்தது. நீள ஒயர் இரண்டு இருந்தன. ஒன்று மாமாவின் கட்டில் தலைமாட்டுக்கு, ஒன்று எங்கள் அறைக்கு. டிவிக்கு அடியில் வைக்க வேண்டிய அகலமான ஸ்பீக்கரின் ஒயர் குட்டை. டிவிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அடுப்படி. சுவரில் துளை போட்டு அதை அங்கே தள்ளினேன். டிவியின் சொந்த ஸ்பீக்கரை நிறுத்திவிட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

எஸ்தருக்கு ஒரே சந்தோஷம். வசனம் ஒவ்வொன்றும் கணீர் கணீர் என்று கேட்கிறதாம். ஹாலில் உட்கார்ந்தால் பேச்சு அடுப்படியிலிருந்து வந்தது. இதுதான் தியேட்டர் எஃபெக்ட் போலிருக்கிறது என்று நானும் புல்லரித்துக்கொண்டேன்.

மாமா கட்டிலில் சாய்ந்தபடி, திறந்த கதவு வழியாக ஹால் டிவியைப் பார்ப்பார். கேட்கிறதா என்று கட்டைவிரலை உயர்த்திச் சைகையில் கேட்பேன். தலையை ஆட்டுவார். பிரச்சினை தீர்ந்தது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

எனக்குப் பதில் சொல்லாதவர், மகளிடம் சொல்லிக்கொண்டு போக அடுப்படிக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். டிவியில் காலை ஆராதனை ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். மாமா வாசல்படியைத் தாண்டியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக அலமாரிப் பக்கம் போய், ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"ஏட்டி எஸ்தரு... இதுல ஆளு பேசுதாரு."

எஸ்தர் கரண்டியோடு திரும்பினாள். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் பேச்சு கேக்குட்டி. அந்த ரூம்ல மழை பெய்யுறது கேக்கு, நாய் கொரைக்கது கேக்கு, கை தட்டுறது கேக்கு. ஆளு வாயி அசையுது, பேச்சு மட்டும் வரல. டாக்டர் சொன்னாருல்லா... அம்புட்டுத்தான், காது போச்சுன்னு நெனச்சேன். பேச்சே கேக்காதவன் உங்களுக்கு எதுக்குப் பாரமா இருக்கணும்?"

கடைக்காரருக்கு போன் போட்டேன். நான் பாகம் பிரித்த கதையைக் கேட்டுவிட்டு ஒருமுறை இருமினார். சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும். பேச்சு முக்கால்வாசி நடு ஸ்பீக்கரில்தான் வருமாம். அதைத்தான் நான் அடுப்படிக்குத் தள்ளியிருந்தேன். மாமாவின் தலைமாட்டில் மாட்டியது, ஆளுக்குப் பின்னால் வைக்க வேண்டியது. அதில் மழை, கைதட்டல், ஹெலிகாப்டர், இவைதான் வரும். எந்தக் காதுக்காக வாங்கினேனோ, அந்தக் காதுக்குப் பேச்சைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறேன்.

அறைகளுக்குப் போன மூன்றையும் ஹாலுக்கே கொண்டு வந்தேன். நடு ஸ்பீக்கர் டிவிக்கு அடியில், அதற்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் மாமாவின் நாற்காலி. சத்தத்தைக் குறைத்தே வைத்தேன். மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. மாமா பிரசங்கத்தை முழுசாகக் கேட்டார். எஸ்தர் அந்தப் பையை எடுத்து வேட்டிகளைப் பழையபடி பீரோவில் அடுக்கினாள்.

சாப்பிடும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் அருகில் நெருங்கி உட்கார்ந்து, டிவியில் பேச்சு கேட்காவிட்டால் என்ன மாமா, நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்குமே, அதை வைத்தாவது காது போகவில்லை என்று தெரிந்திருக்காதா என்று கேட்டேன். நன்றாகவே கேட்டது அவருக்கு.

"நீங்க எங்க மாப்ள பேசுனீங்க?" என்றார், ரசத்தை ஊற்றிக்கொண்டே. கோபம் ஒன்றும் இல்லை. "ரெண்டு பேரும் கையத்தான காட்டுனீங்க."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

உண்மைதான். கத்திப் பேசுவதற்குச் சோம்பல்பட்டு, சாப்பிட வாங்க என்பதற்கு ஒரு கை, மாத்திரை போட்டாச்சா என்பதற்கு ஒரு கை, தூங்குங்க என்பதற்கு ஒரு கை. ஸ்பீக்கர் வந்த பிறகு அதுவும் குறைந்துபோனது. மூன்று வாரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருந்தால், அவருக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். இதற்கு ஒயரைக் குறை சொல்ல முடியுமா?

ஸ்பீக்கர்களை இடம் மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பழக்கம்தான் லேசில் மாறுவதில்லை. நேற்று மத்தியானம்கூட மாமாவைச் சாப்பிடக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டேன்... பாதியில் இறக்கிவிட்டு, பக்கத்தில் போய் வாயைத் திறந்தேன்.